வலது கை மேலே

மகனுக்கு ஏழு வயதாக இருந்தபோது அவனை முதன்முதலாக, மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஹர்லிங் பயிற்சிக்குக் கூட்டிப் போனேன். மனைவிக்கு இங்கே கில்கென்னியில் செவிலியர் வேலை கிடைத்து, நாங்கள் அயர்லாந்துக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவன் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் புத்தகப் பையோடு மட்டையும் எடுத்து வருவார்கள். சாப்பாட்டு நேரத்தில் சுவரில் பந்தடிப்பார்கள். இவன் மட்டும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று டீச்சர் சொன்ன அன்றைக்கே கடைக்குப் போய் ஹெல்மெட்டும் மட்டையும் வாங்கினோம்.

மைதானத்தில் மட்டையைக் கையில் வாங்கியதும் கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்தான். இடது கை மேலே, வலது கை கீழே. மூன்று வயதில் மொட்டைமாடியில் தாத்தா சொல்லிக்கொடுத்த பிடி அது. பயிற்சி கொடுத்த பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஈரப் புல்லில் அவன் முன்னால் முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் பிரித்தெடுத்து, இடம் மாற்றி வைத்தார். வலது கை மேலே. இடது கை கீழே, அதுவும் அடிக்கும்போது மட்டும். பந்தைப் பொறுக்கவும் பிடிக்கவும் ஒரு கை காலியாக வேண்டும், அதனால் மட்டையைச் சுமக்கிற வேலை பலமான கைக்கு என்று விளக்கினார்.

பையன் தடுமாறினான். பந்து காலடியிலேயே கிடந்தது, மட்டை காற்றில் சுற்றியது. கூட இருந்த பிள்ளைகள் அவனைவிடச் சின்னவர்கள், பந்தைச் சுண்டி எடுத்து ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. இங்கே சின்னப் பிள்ளைகள்கூட எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், எனக்கு இன்னும் அது வாயில் வரவில்லை. "சார், இவனுக்கு இதெல்லாம் ரத்தத்தில் இல்லை. கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்" என்றேன்.

அவர் எழுந்து நின்று என்னைப் பார்த்தார். "யார் ரத்தத்திலும் இல்லை. எனக்கு இதை ஒரு பாதிரியார் சொல்லிக்கொடுத்தார், பள்ளிக்கூடத்தில்" என்றார்.

அந்தப் பாதிரியார் பெயர் டாமி மாஹர். அதற்கப்புறம் இந்த ஊரில் யாரிடம் பேசினாலும் அந்தப் பெயர் எங்காவது வந்து விழுவதைக் கவனிக்க ஆரம்பித்தேன். பழைய ஆட்டங்களின் கணக்குகளைத் தேடிப் படித்தேன், பெரியவர்களிடம் கேட்டேன். இரண்டு வருஷமாக இந்த மனிதர் என் தலைக்குள் இருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

அயர்லாந்துக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். இங்கே இரண்டு சொந்த விளையாட்டுகள் உண்டு. ஒன்று கேலிக் கால்பந்து. பந்தைக் கையாலும் எடுக்கலாம், காலாலும் உதைக்கலாம். இன்னொன்று ஹர்லிங். ஆஷ் மரத்தில் செதுக்கிய, முனையில் அகன்று தட்டையாக இருக்கும் மட்டை. தோல் தைத்த சின்னப் பந்து, அதற்கு ஸ்லிட்டர் என்று பெயர். இரண்டுக்கும் மைதானம் ஒன்றே, கோல் கம்பங்களும் ஒன்றே, அணிக்கு 15 பேர் என்பதும் ஒன்றே. ஹர்லிங்கில் பந்து குறுக்குக் கம்பிக்குக் கீழே போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. கணக்கை 4-10 என்று எழுதினால் நான்கு கோலும் பத்துப் புள்ளியும், ஆக மொத்தம் 22. இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும், நினைவில் இருக்கட்டும்.

இரண்டையும் நடத்துவது ஒரே சங்கம். 1884 நவம்பர் 1ஆம் தேதி தர்லஸ் ஊரில் ஒரு ஹோட்டல் அறையில் மைக்கேல் கியூசாக் என்ற ஆசிரியரின் முயற்சியில் தொடங்கியது. அதன் முதல் புரவலர்களில் ஒருவர் பேராயர் தாமஸ் குரோக். டப்ளினில் இறுதி ஆட்டங்கள் நடக்கும் குரோக் பார்க் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதாவது ஆரம்பத்திலிருந்தே இந்த விளையாட்டுகளில் திருச்சபையின் கை உண்டு. கிளப் என்பது பெரும்பாலும் ஒரு பங்கு, அதாவது ஒரு கோயிலைச் சுற்றிய ஊர்கள். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை 80,000 பேர் முன்னால் ஆடியவர் திங்கட்கிழமை வகுப்பெடுக்கப் போவார், பால் கறக்கப் போவார்.

அந்தக் காலத்தில் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர்களில் பெரும்பாலானவர்கள் பாதிரியார்களும் துறவற சகோதரர்களும்தான். மாலையில் மைதானத்தில் விசிலோடு நின்றவர்களும் அவர்களே. அப்படிக் கால்பந்து சொல்லிக்கொடுத்த பாதிரியார்கள் அயர்லாந்து முழுக்க இருந்தார்கள். மேற்கே டுவம் ஊரின் செயின்ட் ஜார்லத்ஸ், வடக்கே டெரியின் செயின்ட் கொலம்ப்ஸ், நியூரியின் செயின்ட் கோல்மன்ஸ் என்று கால்பந்துக்குப் பேர்போன பள்ளிகள் எல்லாம் பாதிரியார்கள் வளர்த்தவை. கில்கென்னி விதிவிலக்கு. இந்த மாவட்டத்தில் கால்பந்துக்கு மரியாதை குறைவு, மூச்சு எல்லாம் ஹர்லிங். ஆகவே இந்த ஊர்ப் பாதிரியார் கையில் மட்டை வந்தது.

டாமி மாஹர் 1922இல் பிறந்தவர். கில்கென்னி நகரத்துக்குக் கிழக்கே கவுரன் அவர் ஊர். படித்தது கில்கென்னி செயின்ட் கீரன்ஸ் கல்லூரியில். 1782இல், கத்தோலிக்கர்கள் பள்ளி நடத்தக் கூடாது என்ற சட்டம் தளர்ந்த கையோடு தொடங்கிய நிறுவனம் அது. ஒரு பக்கம் பள்ளிக்கூடம், இன்னொரு பக்கம் குருமடம். அங்கிருந்து படித்துப்போன பாதிரியார்கள் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் கோயில் கட்டினார்கள். அந்த வளாகத்தின் மைதானத்தில்தான் மாஹர் ஹர்லிங் கற்றார், நன்றாகவே ஆடினார்.

1945இல் அகில அயர்லாந்து இறுதி ஆட்டம், அதாவது மாவட்ட அணிகள் வருஷாவருஷம் மோதும் சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டம். கில்கென்னிக்கு எதிரே டிப்பரேரி. பாதிரியார் படிப்பில் இருந்த இளைஞர் மாஹர் கில்கென்னி அணியில் எடுக்கப்பட்டார். சாம்பியன்ஷிப்பில் அவர் ஆடிய முதல் ஆட்டம் அதுதான். டிப்பரேரி 5-6, கில்கென்னி 3-6. தோல்வி. அவர் ஆடிய கடைசி ஆட்டமும் அதுதான்.

இதை நான் படித்த இடத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. குருப்பட்டம் பெற்றவர்கள் மாவட்ட அணிக்கு ஆட அன்றைய திருச்சபை விதி இடம் கொடுக்கவில்லை. சிலர் வேறு பெயரைக் கொடுத்து ஆடினார்கள். மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் அது யாரென்று தெரியும், பத்திரிகையில் மட்டும் வேறு பெயர் வரும். பலர் விட்டுவிட்டார்கள். 23 வயதில், நாட்டின் மிகப் பெரிய ஆட்டத்தில் ஒரே ஒரு முறை கால் வைத்து, தோற்று, வெளியே வந்து கதவு மூடிக்கொள்கிறது. நேர்ந்துகொண்ட வாழ்க்கை அது, அவரே விரும்பித் தேர்ந்தது, சரி. ஆனால் கிட்டத்தட்ட எழுபதாயிரம் பேர் பார்த்த அந்த அறுபது நிமிஷத்தை ஒருவர் எத்தனை முறை மனசுக்குள் திரும்ப ஆடிப் பார்த்திருப்பார்! எந்தப் பந்தை விட்டோம், எந்த இடத்தில் கை தாமதித்தது என்று. பிற்காலத்தில் அவர் செய்த வேலையைப் பார்க்கும்போது, அப்படி ஆடிப் பார்த்தவராகத்தான் எனக்குத் தோன்றுகிறார்.

1950களின் நடுவில் செயின்ட் கீரன்ஸுக்கே ஆசிரியராகத் திரும்பி வந்தார். பள்ளி அணி அவர் கைக்கு வந்தது. 1957இல் அகில அயர்லாந்து கல்லூரிகள் கோப்பை. அந்த அணியில் இனிஸ்டீக் கிராமத்திலிருந்து வந்த எடி கெஹர் என்ற பையன் இருந்தான். அதே வருஷம் கில்கென்னி மாவட்ட அணிக்கும் பயிற்சி கொடுக்க மாஹரைக் கூப்பிட்டார்கள்.

அப்போது பயிற்சி என்றால் என்ன என்று மைதானத்துப் பெரியவரிடம் கேட்டேன். "ஓட்டம். மைதானத்தைச் சுற்றி ஓட்டம். அப்புறம் ஒரு பந்தை நடுவில் எறிந்து ஆளாளுக்கு அடிதடி. அப்புறம் டீ" என்றார். ஹர்லிங் என்பது பிறவியிலேயே வர வேண்டும், இன்ன குடும்பத்துப் பிள்ளைக்கு வரும், இன்ன ஊர்ப் பிள்ளைக்கு வராது என்று எல்லாரும் நம்பிய காலம். பயிற்சி கொடுப்பவரின் வேலை ஆளுக்கு மூச்சு வாங்காமல் பார்த்துக்கொள்வது. கையைப் பற்றி யாரும் பேசவில்லை.

மாஹர் கையைப் பற்றிப் பேசினார். ஆட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார். தரையில் கிடக்கும் பந்தை மட்டை முனையால் தன் பக்கம் உருட்டி, அது திரும்பி வரும்போதே முனையை அடியில் நுழைத்து மேலே தூக்குவது ஒரு வேலை. ஓடிக்கொண்டே முனையைப் பந்துக்கு அடியில் குத்தி எடுப்பது இன்னொரு வேலை. வருகிற பந்தை முதல் தொடுகையிலேயே சொன்னபடி கேட்கவைப்பது, இடப்பக்கமிருந்தும் வலப்பக்கமிருந்தும் அடிப்பது, எதிராளியின் வீச்சைப் பின்னாலிருந்து மட்டையால் கொக்கி போட்டு நிறுத்துவது, முன்னாலிருந்து தடுப்பது. ஒவ்வொன்றுக்கும் தனி அசைவு, ஒவ்வொன்றையும் தனியாகச் செய்து செய்து பழக வேண்டும். பந்தைக் கண்மண் தெரியாமல் தூரமாக அடிக்காமல், நம் ஆள் கைக்குப் போகும்படி அடிக்க வேண்டும். இன்றைக்கு இதெல்லாம் எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. 1957இல் இது புதுசு.

தடுப்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை என் கண்ணால் பார்த்தேன். எதிராளி மட்டையை ஓங்குகிறான். யாருக்கும் முதலில் தோன்றுவது விலகிப் போவதுதான். என் மகனும் இரண்டடி பின்னால் நகர்ந்து, கையை நீட்டி, மட்டையை மட்டும் முன்னே கொடுத்தான். பெரியவர் ஆட்டத்தை நிறுத்தினார். "அங்கே நின்றால்தான் அடி விழும்" என்றார். மெதுவாகச் செய்து காட்டினார். எதிராளியின் மட்டை முழுச் சுற்றும் சுற்றிக் கடைசியில் வேகம் பிடிக்கிற இடம் அந்த இரண்டடித் தூரம். கிட்டே போ, இன்னும் கிட்டே, அவன் கைக்குப் பக்கத்தில் உன் மட்டையைக் கொண்டு போ, இரண்டு கையாலும் பிடி, முன்னங்காலில் பாரத்தைப் போடு, கண்ணை மூடாதே. அங்கே வீச்சுக்கு இன்னும் பலமே வந்திருக்காது. பத்துப் பதினைந்து முறை மெதுவாக, அப்புறம் கொஞ்சம் வேகமாக. கடைசியில் என் பையன் தன்னைவிடத் தலை உயரமான ஒருவனின் வீச்சுக்குள் புகுந்து, டக் என்ற சத்தத்தோடு பந்தைக் காலடியில் விழ வைத்தான். ஹெல்மெட் கம்பிகளுக்குள் அவன் முகத்தைப் பார்த்தேன். பயம் போன முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

ஹெல்மெட் என்று சொன்னேன். மாஹர் பயிற்சி கொடுத்த காலத்தில் பெரும்பாலும் அதுவும் கிடையாது. எல்லா வயதினருக்கும் அது கட்டாயமானது 2010இல்தான். 1967 இறுதி ஆட்டத்தில் கில்கென்னியின் டாம் வால்ஷ் ஒரு கண்ணை இழந்தார். தாமஸ்டவுன் ஊர்க்காரர், இளம் வயது, அருமையான ஆட்டக்காரர். அதோடு அவர் ஆட்டம் முடிந்தது. இந்த விளையாட்டைப் பற்றி ஆசையாக எழுதும்போது அவரை விட்டுவிட்டு எழுத எனக்கு விருப்பமில்லை.

மறுபடி 1957. மாஹர் பொறுப்பேற்ற முதல் வருஷமே கில்கென்னி இறுதி ஆட்டத்துக்குப் போனது. பத்து வருஷமாகக் கோப்பை பார்க்காத அணி. வாட்டர்ஃபோர்டுக்கு எதிராகப் பின்தங்கியிருந்து, கடைசிக் கட்டத்தில் எட்டிப் பிடித்து, ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். 4-10க்கு 3-12. கூட்டிப் பாருங்கள், 22க்கு 21.

இந்த வாட்டர்ஃபோர்டு ஆட்டங்களின் கணக்கை ஒரு நாள் ராத்திரி காகிதத்தில் எழுதிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1959 இறுதி ஆட்டம் இதே இரண்டு அணிகளுக்குள். வாட்டர்ஃபோர்டு 1-17, கில்கென்னி 5-5. இரண்டும் 20, டிரா. ஒரு பக்கம் ஐந்து கோல், மறுபக்கம் ஒரே கோல், ஆனாலும் சமம். ஒவ்வொன்றாக, பொறுமையாக, தூரத்திலிருந்து கம்பிக்கு மேலே அடித்துச் சேர்த்த 17 புள்ளிகள் ஐந்து கோலுக்கு ஈடுகொடுத்துவிட்டன. ஒரு மாசம் கழித்து நடந்த மறு ஆட்டத்தில் வாட்டர்ஃபோர்டு 3-12க்கு 1-10 என்று தெளிவாக ஜெயித்தது. அந்த மறு ஆட்டத்தில் கில்கென்னிக்காக நடுவில் இறங்கிய பையன் எடி கெஹர். 18 வயது நிறையச் சில நாட்கள் இருந்தன. முதல் ஆட்டம் நடந்த அதே நாளில் இளையோர் இறுதி ஆட்டத்தில் ஆடியிருந்தவன், மறு ஆட்டத்தில் பெரியவர்களோடு.

நான்கு வருஷம் கழித்து, 1963, மறுபடி அதே இரண்டு அணிகள். வாட்டர்ஃபோர்டு 6-8. ஆறு கோல்! இறுதி ஆட்டத்தில் ஆறு கோல் போட்டுவிட்டுத் தோற்க முடியுமா? தோற்றார்கள். கில்கென்னி 4-17. 29க்கு 26. அந்த 17 புள்ளிகளில் 14 கெஹர் ஒருவர் அடித்தது. 1959இல் எந்தப் பதினேழு கில்கென்னியை மடக்கியதோ அதே பதினேழு இப்போது கில்கென்னி கையில். மாஹர் உட்கார்ந்து இப்படிக் கணக்குப் போட்டார் என்று நான் சொல்ல வரவில்லை, இது என் வாசிப்பு. ஆனால் கோல் என்பது கூட்டத்தில் தள்ளுமுள்ளில் எப்போதாவது கிடைப்பது. புள்ளி என்பது ஒருவன் தனியாக நின்று பந்தை எடுத்து, அடித்து, திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு அனுப்புவது. அதைப் பழகலாம். கெஹர் பழகினார். ஃப்ரீ என்று சொல்லும் தனி அடிகளில் அவருக்கு நிகர் இல்லை என்று இங்கே சொல்வார்கள். சாம்பியன்ஷிப்பில் அவர் சேர்த்த மொத்தப் புள்ளிகளை 2010 வரை யாராலும் தாண்ட முடியவில்லை. தாண்டியவர் ஹென்றி ஷெஃப்லின், அவரும் செயின்ட் கீரன்ஸ் பையன்.

1960களில் ஹர்லிங் என்றால் டிப்பரேரி. 1961, 62, 64, 65 என்று நான்கு கோப்பை. அவர்களுடைய கடைசிப் பின்வரிசையை நரகத்தின் அடுப்படி என்று கூப்பிட்டார்கள். உள்ளே போனவன் வெந்துதான் வருவான். 1964 இறுதியில் கில்கென்னியை 5-13க்கு 2-8 என்று நசுக்கினார்கள். 1922க்குப் பிறகு சாம்பியன்ஷிப்பில் கில்கென்னி டிப்பரேரியை ஜெயித்ததே இல்லை. 1922 மாஹர் பிறந்த வருஷம், கவனியுங்கள். அவர் வாழ்நாள் முழுவதுமே அப்படித்தான், அவர் ஆடிய ஒரே ஆட்டத்தையும் சேர்த்து. கில்கென்னிக்காரர்கள் கையில் திறமை உண்டு, நெஞ்சில் உரம் இல்லை என்று வெளியூரில் பேசுவார்களாம். பெரியவர் இதைச் சொன்னபோது அறுபது வருஷம் கழித்தும் அவர் குரலில் கோபம் இருந்தது.

1967 செப்டம்பரில் அது உடைந்தது. கில்கென்னி 3-8, டிப்பரேரி 2-7. ஒன்பதாவது கோப்பைக்காக இறங்கிய டிப்பரேரியின் ஜான் டாய்ல் அதோடு விடைபெற்றார். "அன்றைக்கு என் அப்பா அழுததைப் பார்த்தேன். பாட்டி செத்தபோதுகூட அவர் அழவில்லை" என்றார் பெரியவர். 22 வருஷத்துக்கு முன்னால் அதே மைதானத்தில், அதே டிப்பரேரியிடம் தோற்ற குருமாணவர் இப்போது கறுப்பு அங்கியோடு ஓரத்தில் நின்றிருந்தார்.

அதற்கப்புறம் வந்த வருஷங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 1969இல் கார்க்கை ஜெயித்தார்கள். 1971இல் கெஹர் மட்டும் 2-11 அடித்தும் டிப்பரேரியிடம் தோற்றார்கள். டிப்பரேரியின் பாப்ஸ் கீட்டிங் பூட்ஸையும் காலுறையையும் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஆடிய ஆட்டம் அது. 1972 இறுதியைத்தான் எல்லாரும் கண்கள் மின்னப் பேசுகிறார்கள். கார்க் எட்டுப் புள்ளி முன்னே போய்விட்டது. அங்கிருந்து கில்கென்னி திரும்பி வந்து ஏழு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது, 3-24க்கு 5-11. இங்கேயும் பாருங்கள், கார்க் கூடுதலாக இரண்டு கோல் போட்டிருக்கிறது, 24 புள்ளிகள் அவர்களை மூழ்கடித்துவிட்டன. 1974இல் லிமரிக், 1975இல் கால்வே. மாஹர் பொறுப்பில் மொத்தம் ஏழு கோப்பை.

எனக்கு அந்த ஏழைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. 1960களின் நடுவில் மீத் மாவட்டத்தில், பிரான்சிஸ்கன் சபையார் நடத்திய கோர்மன்ஸ்டன் கல்லூரியில், பயிற்சியாளர்களுக்கான வகுப்புகள் தொடங்கின. கால்பந்துக்கு முதலில் ஆரம்பித்தவர் ஜோ லெனன், டவுன் மாவட்டத்தின் ஆட்டக்காரர், உடற்கல்வி ஆசிரியர். கால்பந்துக்காரர்கள் வழிகாட்ட, ஹர்லிங்குக்கும் வகுப்பு வந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவர் மாஹர், இன்னொருவர் டோனி நீலன். நீலன் யார்? டிப்பரேரி அணியின் நட்சத்திரம். அதாவது எந்த அணியை வீழ்த்த இவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாரோ அந்த அணியின் ஆளோடு ஒரே மைதானத்தில் நின்று, நாடு முழுவதிலுமிருந்து வந்த ஆசிரியர்களுக்கும் சகோதரர்களுக்கும் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து காட்டினார். கற்றுக்கொண்டு போகிறவர் அடுத்த வருஷம் தன் அணிக்கு எதிராகவே அதை வைத்து நிற்பார் என்று தெரிந்தே. பதவியில் இருக்கும் ஒரு பயிற்சியாளர் இப்படிச் செய்வாரா என்று யோசித்துப் பாருங்கள். ஆசிரியர் செய்வார். நல்ல ஆசிரியருக்குத் தெரிந்ததை உள்ளே வைத்துக்கொள்ளவே தெரியாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அயர்லாந்தில் பாதிரியார், பள்ளி என்ற இரண்டு சொற்களும் இன்று சேர்ந்து வந்தால் கேட்பவர் முகம் மாறும். திருச்சபை நடத்திய விடுதிகளிலும் தொழிற்பள்ளிகளிலும் பல்லாயிரம் பிள்ளைகள் அடியும் கொடுமையும் பட்டதை 2009இல் வந்த ரயன் அறிக்கை பக்கம் பக்கமாகப் பதிவு செய்தது. மாஹருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் ஒரு பாதிரியாரைப் பற்றி இங்கே யாரிடமாவது ஆசையாகப் பேச்செடுத்தால் ஒரு நொடி மௌனம் வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மௌனத்துக்கு நியாயம் இருக்கிறது. அதைத் தாண்டியும் இவரைப் பற்றி ஊர் தானாக வந்து பேசுகிறது என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

1975 அணியின் பின்வரிசையில் பிரையன் கோடி என்ற இளைஞர் ஆடினார். செயின்ட் கீரன்ஸில் படித்தவர், பிற்பாடு ஆரம்பப் பள்ளி ஆசிரியரானவர். அந்தக் கோடிதான் பின்னால் கில்கென்னிக்குப் பயிற்சி கொடுத்து 2000க்கும் 2015க்கும் இடையில் 11 கோப்பைகளை ஜெயித்தவர், 2006 முதல் 2009 வரை தொடர்ந்து நான்கு. அந்த நான்கையும் மாஹர் இருந்து பார்த்தார். மாவட்டத்தின் தெற்கே முல்லினவாட் பங்கில் பங்குத்தந்தையாக இருந்து ஓய்வு பெற்று, மான்சிஞ்ஞோர் என்ற திருச்சபை கௌரவப் பட்டத்தோடு, 2015 மார்ச்சில், 92 வயதில் காலமானார்.

போன சனிக்கிழமை பயிற்சி முடிந்து மற்றப் பிள்ளைகள் போய்விட்டார்கள். மகன் மைதானத்து ஓரச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தான். கான்கிரீட்டில் பட்டுத் திரும்பும் பந்தை இடது கையில் பிடித்து, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி. இருபது எண்ணிவிட்டு நிறுத்துவதாகப் பேச்சு, தவறும்போதெல்லாம் மறுபடி ஒன்றிலிருந்து. மழை தூறியது. நான் கூம்புகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். சின்ன உதவி, இப்போது ஆறு மாசமாகச் செய்கிறேன். அடுத்த சீசனில் ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை என்று பெரியவர் சொன்னார். எனக்கு மட்டையே பிடிக்கத் தெரியாதே என்றேன்.

காரிலிருந்து அவருடைய மட்டையை எடுத்து வந்தார். ஆஷ் மரம், முனையில் தகரப் பட்டை, பிடியில் சுற்றிய டேப் தேய்ந்து வழவழவென்று இருந்தது. வாங்கிப் பிடித்தேன். அவர் என் கைகளைப் பார்த்தார், மட்டையைத் தன் தொடையில் சாய்த்துக்கொண்டு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். குளிர்ந்த, தடித்த விரல்கள் அவருக்கு. இடது கையைக் கீழே இறக்கினார். வலது கையை மேலே கொண்டுவந்து, கட்டைவிரலைச் சுற்றி மடக்கி, ஒரு அழுத்து அழுத்திவிட்டு விட்டார். சுவர்ப் பக்கமிருந்து மகன் பதினேழு என்று எண்ணுவது கேட்டது.